முகிலேற்றின் குறுங்கன்றுகள்

கடலும் உப்பும் கன்றும் பசுவும் குறையாத வெண்ணாவல் நாட்டை, தந்தை வழி வந்த செங்கோலும் தாய் வழி வந்த தண்ணளியும் ஒருசேர ஏந்தி ஆளும் கொற்றங்கோதைப் பெருந்தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, மலையே மதிலும் மறமே கதவுமாக விளங்கும் செம்பாறை நாட்டுக் கோமான், கருமணலாற்றின் மேல்கரை காவலர், இடியொலித் தேருடைய திண்டோள் விறலர் திருமுன் வைக்கப்படும் ஓலை. தேவரீர் நாட்டில் மழை தப்பாது பெய்க, கழனி விளைக, கொட்டில் நிறைக, தொட்டில் நிறைக, தேவரீர் கோபம் மட்டும் சற்றே குறைக.

விழாக்கொடி இறங்குமுன் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும் என்பதால், வழக்கமான புகழுரைகளில் பாதி ஏட்டில் ஏறவில்லை. அவை யாவும் தேவரீருக்கு உரியவையே என்று கொண்டருள்க.

இதை வாசிப்பவன் உருவில் சிறியவன். அவையின் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அவன் தலை தெரியாது. ஒரு முக்காலி தந்தால் நலம். நகைக்க விரும்புவோர் இப்போதே நகைத்து முடிக்கட்டும். ஆனால் ஓலை கடைசி எழுத்துவரை வாசிக்கப்பட வேண்டும் என்பது பெருந்தேவியாரின் வேண்டுகோள். கோட்டை வாயிலில் ஒரு பசுவும் அதன் கன்றும் நிற்கின்றன. நெடுவழி நடந்து வந்தவை. தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டு மேலே கேட்டருள்க.

தேவரீர் சிறையில் இருக்கும் எயினி, வெண்ணாவல் அரண்மனை ஆநிரையின் தலைவி. முகிலேறு என்னும் காளையையும் அதனோடு வந்த பசுக்களையும் தேவரீர் நாட்டுக்கு ஓட்டிவந்து, அவற்றுக்குப் பிணையாகத் தன் உயிரையே வைத்துத் தங்கியவள். முகிலேற்றின் கன்றுகளில் சில வளராமல் குட்டையாக நின்றுவிட்டன என்பதற்காக, மலைக்காட்டுக் குட்டைக் காளையைத் தொழுவத்துக்குள் கள்ளத்தனமாக விட்டு உடன்படிக்கையைக் கெடுத்தாள் என்று அவள்மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. கொற்றவை விழாவின் கொடி இறங்கும் நாளில் அவள் செம்பாறை உச்சிக்கு ஏற்றப்பட்டு அங்கிருந்து கீழே தள்ளப்படுவாள் என்பது தேவரீர் தீர்ப்பு. அத்தீர்ப்பு தவறு என்று சொல்லவே இவ்வோலை வந்திருக்கிறது. இதை எழுதிய ஓலை அமைச்சன் கீரன், எயினியின் உடன்பிறந்த தமையன். தங்கைக்காகப் பரிந்து பேசுகிறான் என்று தேவரீர் எண்ணக்கூடும். ஆம், பரிந்துதான் பேசுகிறான். பரிவில்லாதவன் உண்மையைத் தேடி இத்தனை அலைந்திருக்க மாட்டான்.

கருமணலாற்றுப் போர் ஓய்ந்து இரு நாடும் உடன்பட்டபோது, மதகு கட்ட மலைக்கல் இழுக்கும் மாடு வேண்டும் என்று தேவரீர் கேட்டருளினீர். வெண்ணாவலின் அரண்மனை மாடுகள் காரி என்னும் பழைய பெருங்காளையின் வழி வந்தவை. அவற்றின் முதுகு ஆளின் தோளுக்கு மேலே நிற்கும். இரண்டை நுகத்தில் பூட்டினால் கோயில் தூணும் நகரும். அவற்றுள் சிறந்தது முகிலேறு. காளையும் பசுக்களும் அனுப்பப்பட்டன. இரு நாட்டுக்கும் பொதுவான உயிர்ப்பிணை வழக்கப்படி, காளையின் வால்மயிரும் பருத்தி நூலும் கலந்து திரித்த கயிறு எயினியின் இடது மணிக்கட்டில் கட்டப்பட்டது. முதல் ஈற்றுக் கன்றுகள் வளர்ந்து தாயின் முதுகை எட்டும் நாளில், பிணை கொண்ட மன்னரே அக்கயிற்றைத் தம் கையால் அறுத்து, சீர் கொடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். அதுவரை பிணையானவர் அம்மாடுகளோடு தொழுவத்திலேயே உண்டு உறங்க வேண்டும்.

கயிறு கட்டிய நாளில் எயினி சிரித்தாள். அவள் தன் தமையனிடம் சொன்ன சொல் ஏட்டு நடைக்கு ஒவ்வாதது. ஆனாலும் அவன் அதைச் சொன்னபடியே இங்கே எழுதுகிறான். "மொகத்த ஏன்ணே தூக்கி வச்சிருக்க? கன்னு வளர எவ்வளவு நாளாகும்? கண்ணை மூடித் தெறந்தா வளர்ந்து நிக்கும். நான் வந்திருவேன்" என்றாள். அவளுக்கு மாடுகளை நம்பித்தான் பழக்கம்.

கன்றுகள் பிறந்தன. பலவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழும்பின. சில எழும்பவில்லை. உடன்பிறந்தவை தாயின் முதுகை உரசியபோது, இவை தாயின் வயிற்றுக்குக் கீழே குனியாமலே புகுந்து போயின. நோயில்லை, நொடியில்லை, துள்ளின, முட்டின, புல் மேய்ந்தன, வளர மட்டும் மறந்துவிட்டன. உடனே தேவரீர் கோட்டைத்தலைவர் வேங்கையர் அவையேறி, பெரியதற்குப் பெரியதே பிறக்கும் என்றும், பெரியதன் வயிற்றில் சிறியது பிறந்தால் ஒன்று தாய் வேலி தாண்டியிருக்க வேண்டும் அல்லது வேலியைத் திறந்துவிட்டவர் இருக்க வேண்டும் என்றும் வாதாடினார். அதையே தீர்ப்பின் முதல் வரியாக எழுதச் செய்தீர். அந்த வரியைத் தேவரீர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவ்வோலை பணிவோடு கேட்டுக்கொள்கிறது.

அவையில் எயினி ஒன்றுதான் சொன்னாள் என்று உடனிருந்த வெண்ணாவல் தூதர் வந்து சொன்னார். "கன்னு இந்தக் காளையோடதுதான். நெத்தியப் பாருங்க, அதே வெள்ளைச் சுழி. அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் இல்லை." வேங்கையர் அதற்கும் அசரவில்லை. வெண்சுழி சுண்ணாம்பால் தீட்டியது என்றார். குட்டைக் கன்றைப் பிடித்துவந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்க்க அந்தப் பேரவையில் ஒருவருக்கும் கை வரவில்லை. எயினி மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை; அவள் மௌனத்தையே ஒப்புதலாகக் கொண்டு தேவரீர் தண்டம் விதித்தீர்.

தூதர் சொன்னதை அமைச்சன் கீரன் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டான். பாறையைவிட அவனைக் கலக்கியது அந்த மௌனம். எயினி பேசத் தெரியாதவள் அல்லள். சிறுவயதில் அவள் வாயை அடக்க முடியாமல் வீடே கெஞ்சியதுண்டு. அப்படிப்பட்டவள் உயிர் போகிற இடத்தில் நின்று வாய் இல்லை என்கிறாள் என்றால், அந்த வாயை யாரோ பூட்டியிருக்க வேண்டும். பூட்டியவரைத் தேடிப் புறப்பட்டான். தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. பூட்டு வெண்ணாவல் அரண்மனைத் தொழுவத்திலேயே தொங்கியது.

காரியின் வழியில் இதற்குமுன் குட்டைக் கன்று பிறந்ததுண்டா என்று அவன் கேட்டான். இல்லவே இல்லை என்றார்கள் தொழுவத்தார். கேட்ட மாத்திரத்தில், ஒரே குரலில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சொன்னார்கள். இத்தனை ஒற்றுமையான உண்மையை அமைச்சன் எந்த அலுவலிலும் கண்டதில்லை. எயினியைக் கொற்றவை விழாக்கொடி இறங்கும் நாளில் பாறையிலிருந்து தள்ளப்போகிறார்கள் என்று அவன் சொல்லி முடித்தபோதுதான், வெளியன் என்னும் தொழுவக்காரன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான்.

"ராசா வீட்டுத் தொழுவத்துல குட்டை பொறந்துச்சுன்னு எவன் சாமி சொல்லுவான்? சொன்னா நாக்கு இருக்குமா? அப்பப்ப பொறக்கும். தலைமுறை தலைமுறையா பொறக்குது. பொறந்து கொஞ்ச நாள்ல தெரிஞ்சுபோகும், இது எழாதுன்னு. பேர் வைக்கிறதுக்கு முன்னால ஓட்டிட்டுப் போயி உவர்க்காட்டுல விட்டுருவோம். எயினி அம்மாவும் விட்டாங்க. எல்லாரும் பசு வாலைத் தொட்டுச் சத்தியம் பண்ணவங்கதானே."

இதுவே தொழுவச் சத்தியம். வெண்ணாவல் அரசர்களில் முன்னோர் ஒருவர், ஆநிரை குன்றினால் அரசகுடி குன்றும் என்று அஞ்சி ஏற்படுத்தியது. அரண்மனைத் தொழுவத்தில் பிறந்த குட்டைக் கன்றைப் பற்றி, கேட்பவர் உறவே ஆனாலும் பகையே ஆனாலும், சொல்ல மாட்டேன் என்று பணியேற்பவர் ஒவ்வொருவரும் உறுதி சொல்ல வேண்டும். ஆகவே வெளியுலகம் அறிந்தவரை காரியின் வழி குன்றாத வழி. எயினி வாய் திறந்திருந்தால் அவள் உயிர் தப்பியிருக்கும், அவள் அரசியின் பெருமை போயிருக்கும். அவள் பெருமையைக் காத்தாள். இதை எழுதும்போது அமைச்சனுக்குப் பெருமிதம் ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது. மாட்டின் உயரத்துக்கு மனிதர் உயிரைக் காவல் வைத்த அந்த முன்னோர் மேலும், அதைக் கேள்வி கேட்காமல் சுமந்த தங்கை மேலும்.

உவர்க்காடு கடலோர உப்பளத்து ஊர். அமைச்சன் அங்கே போய் இறங்கியபோது தெருவை அடைத்துக்கொண்டு குட்டை மாடுகள் நின்றன. ஆளின் இடுப்புக்கு மேல் எதுவும் இல்லை. நெற்றியில் வெண்சுழி, கருமேனி, அகன்ற கொம்பு. முகிலேற்றைத் தொலைவில் நிறுத்திப் பார்ப்பது போல இருந்தது. உப்பளக்காரி தும்பி என்பவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏறவும் இறங்கவும் அதிக நேரம் ஆகவில்லை. "நீங்களும் அரமனையில இருந்து ஓட்டிவிட்டதா சாமி?" என்று கேட்டுவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவன் சிரித்ததைக் கண்டபின் அவளுக்குத் துணிவு வந்தது. "வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க, நாங்க சொல்லல. ராசா வீட்டு ரகசியமெல்லாம் எங்க தெருவுல சாணி போட்டுக்கிட்டு நிக்குது, வேற என்ன?" என்றாள். கடற்காற்றுதான் மாடுகளை அமுக்கிவிடுகிறது என்பது அவள் எண்ணம். அப்படியானால் ஊரில் நெட்டை மாடே இருக்கக் கூடாதே என்று அமைச்சன் கேட்டான். இருந்தன. அதே காற்றில், அதே புல்லைத் தின்று, அதே கொட்டிலில் நெட்டையும் குட்டையும் கட்டியிருந்தன. அங்கேதான் அவன் விழித்துக்கொண்டான். ஒவ்வொரு மாட்டின் முன்பும் நின்று அதன் தாய் எது, தந்தை எது என்று கேட்கத் தொடங்கினான். உப்பளத்தார் முதலில் அவனைப் பித்தன் என்றே நினைத்தார்கள்.

அவர்கள் சொன்னதில் மூன்று செய்திகள் எந்த வீட்டிலும் மாறவில்லை. குட்டையும் குட்டையும் கூடினால் கன்று எப்போதும் குட்டை. குட்டைப் பசுவை வெளியூர் நெட்டைக் காளையோடு சேர்த்தால் கன்றெல்லாம் நெட்டை. வியப்பு மூன்றாவதில் இருந்தது. அதைத் தும்பியின் வாயாலேயே கேட்பது நல்லது. "சரி, குட்டை ஒழிஞ்சுதுன்னு நெனைப்போம் சாமி. அந்த நெட்டைகளுக்குள்ளயே சேத்து விட்டுப் பாருங்க. நாலஞ்சு நெட்டை போட்டதும், ஒண்ணு குட்டையா வந்து நிக்கும். தாயும் நெட்டை, தகப்பனும் நெட்டை, இது மட்டும் பாட்டி மாதிரி!"

அரண்மனையிலிருந்து வந்த குட்டைகளின் பெற்றோரைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டிவந்தவர்கள் வழிநெடுகப் புலம்பிக்கொண்டே வந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் தாய்வழியிலும் காரியின் இரத்தம், தந்தைவழியிலும் காரியின் இரத்தம். வெளியூர்க் காளைக்குப் பிறந்தவற்றில் ஒன்றுகூடக் குட்டை இல்லை.

அமைச்சன் ஓலையோடு பழகியவன். அவனுக்கு எதுவும் ஓலையாகத்தான் விளங்கும். அவன் கண்டது இது. கருவில் உருவாகும் உயிர் தன் உடலை எப்படிக் கட்ட வேண்டும் என்னும் கட்டளையை இரண்டு ஓலைகளாகப் பெறுகிறது. ஒன்று தாய் தருவது, மற்றது தந்தை தருவது. எழும்புக என்று ஓர் ஓலையில் எழுதியிருந்தாலே உடல் அதைக் கேட்டு எழும்பிவிடும். நிற்க என்று எழுதிய மற்றோலை வாசிக்கப்படாமலே அடியில் கிடக்கும், கிடந்தாலும் அழியாது. அந்த நெடிய மாடு கன்று ஈனும்போது இரண்டு ஓலைகளில் எதையேனும் ஒன்றைத் தன் கன்றுக்குக் கொடுக்கும். எதைக் கொடுக்கும் என்பது யார் கையிலும் இல்லை. தாயும் வாசிக்காத ஓலையைக் கொடுத்து, தந்தையும் வாசிக்காத ஓலையைக் கொடுத்துவிட்டால், கன்றின் கையில் இருப்பது நிற்க என்னும் கட்டளை மட்டுமே. அது பாவம், கட்டளைப்படி நின்றுவிடுகிறது.

உடலின் அளவு முழுவதும் இந்த ஓர் ஓலையில் அடங்கியது என்று அமைச்சன் சொல்லவில்லை. காலின் நீளத்துக்கும் மார்பின் அகலத்துக்கும் வேறு வேறு சிறு கட்டளைகள் பல உண்டு. அவை கூடியும் குறைந்தும் கலப்பதால்தான் நெடியவற்றுக்குள்ளும் ஏற்ற இறக்கம் இருக்கிறது. தீனி குறைந்தாலும் மாடு குறுகும். ஆனால் முகிலேற்றின் குறுங்கன்றுகள் விலா தெரிய மெலிந்தவை அல்ல, கொழுத்து மினுமினுப்பவை. அவை பட்டினியால் குறுகவில்லை. பாட்டன் காரி தன் நெடிய உடலுக்குள் மறைத்துவைத்த ஓர் ஓலை, பேரன் வழியாகவும் பேத்தி வழியாகவும் நடந்து வந்து, செம்பாறைத் தொழுவத்தில் சந்தித்துக்கொண்டது.

எப்படிச் சந்தித்தது என்பதை எழுத அமைச்சன் எழுத்தாணியைப் பலமுறை எடுத்து எடுத்து வைத்தான். தேவரீர் சினந்தாலும் எழுதாமல் தீராது. உடன்படிக்கையில் தேவரீர் சேர்க்கச் சொன்ன வாசகம் ஒன்று உண்டு. காளையும் பசுவும் ஆகிய அனைத்தும் இருபுறமும் காரியின் வழியாகவே இருத்தல் வேண்டும், வேற்று வழியின் கலப்பு ஒரு துளியும் ஆகாது என்பது அது. வெண்ணாவலும் தன் தூய்மையைக் காட்டக் கிடைத்த வாய்ப்பென்று மார்தட்டி அப்படியே தெரிந்தெடுத்து அனுப்பியது. வெளியூர்ப் பசு ஒன்றிரண்டு கலந்திருந்தாலும் அவற்றின் கன்றுகள் நெடியனவாகவே எழுந்திருக்கும். குறையை மறைத்தது வெண்ணாவல். அக்குறை கூடும்படி கேட்டு வாங்கியது செம்பாறை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு சாகப்போவது எயினி. வேலியைத் திறந்தவர் யார் என்று வேங்கையர் கேட்டாரே, வேலியை இறுக்கிக் கட்டியதுதான் இங்கே பிழை.

இதையெல்லாம் அமைச்சன் வந்து விண்ணப்பித்தபோது வெண்ணாவல் அவையில் பலர் முகம் சுளித்தார்கள். அரண்மனை மாட்டின் குறையை அயலரசன் அவையில் உரக்க வாசிப்பதா, ஒரு மாட்டுக்காரிக்காகத் தலைமுறைகளின் பெருமையைத் தெருவில் போடுவதா என்றார்கள்.   பெருந்தேவியார் எல்லோரும் ஓயும்வரை கேட்டிருந்து, நம் பெருமையைக் காக்க அவள் சாவின் முன்னே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், அவளைக் காக்க நாம் இருந்த இடத்தில் இருந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டோமா என்று வினவியருளினார். 

ஆகவே பெருந்தேவியாரின் கட்டளைகள் இவ்வோலையில் ஏறுகின்றன. முதற்கண், தொழுவச் சத்தியம் இன்றோடு நீங்கியது. பசுவின் வாலைத் தொட்டு அரசியே அதை நீக்கினார். எயினி இனி எதையும் யாரிடமும் சொல்லலாம். தேவரீர் அவளை அவைக்கு அழைத்து மறுபடியும் கேட்டருள்க. அவளுக்கு இப்போது வாய் உண்டு.

வாயிலில் நிற்கும் பசு செங்காலி. அதன் தொடையில் வெண்ணாவல் அரண்மனைச் சூட்டுக்குறி இருக்கிறது. எயினி கையால் வளர்ந்த பசு. உடன் நிற்பது அதன் வயிற்றில் பிறந்து, உவர்க்காட்டுக்கு ஓட்டப்பட்டு, இப்போது திரும்ப அழைத்துவரப்பட்ட குட்டைக் கன்று. பிரிந்து நாளாகியும் தாய் அதைக் கண்டதும் நக்கத் தொடங்கியது. வழியெல்லாம் நக்கிக்கொண்டே வந்தது. வேங்கையர் விரும்பினால் ஒரு குடம் தண்ணீரோடு வரட்டும். அதன் நெற்றிச் சுழியையும் கழுவட்டும், தேவரீர் தொழுவத்துக் குறுங்கன்றுகளின் சுழியையும் கழுவட்டும். சுண்ணாம்பு கரைந்தால் இவ்வோலை பொய்.

அடுத்து, முகிலேற்றைத் தேவரீர் நாட்டுத் தென்மலை நெடும்பசுக்களோடு சேர்த்தருள்க. அவற்றில் காரியின் இரத்தம் இல்லை, கன்றுகள் குன்றா. அவற்றைத் தமக்குள்ளேயே மீண்டும் மீண்டும் சேர்க்காமல் வேற்று வழியோடு கலந்துவந்தால் மதகுக்குக் கல் இழுக்கும் மாட்டுக்குப் பஞ்சமிராது. குறுங்கன்றுகளைக் கொல்ல வேண்டாம். உவர்க்காட்டில் அவை கைப்பிடிப் புல்லுக்குக் குடம் நிறையக் கறக்கின்றன. சிறியதாய்ப் பிறந்தது அவற்றின் குற்றமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருமணலாறு இவ்வாண்டு வற்றிக் கிடக்கிறது. குதிரைகள் குளம்பு நனையாமல் கடக்கும் என்று வெண்ணாவல் படைத்தலைவர்கள் கேட்காமலே வந்து சொல்லிப் போனார்கள். இதைத் தேவரீர் அச்சுறுத்தலாகக் கொள்ள வேண்டாம். அவர்கள் சொன்னதைப் பெருந்தேவியார் கேட்டுக்கொண்டார், விடையேதும் தரவில்லை. அந்த விடை தரப்படாமலே போக வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம்.

எஞ்சியிருப்பது தீர்ப்பின் முதல் வரி. பெரியதற்குப் பெரியதே பிறக்கும், சிறியது பிறந்தால் தாய் வேலி தாண்டியவள் என்பது அது. எயினி எத்தனை நெடியவள் என்பதைச் சிறைக்காவலர் அறிவர். செம்பாறைச் சிறையின் வாயிலில் அவள் தலை இடிக்காத நாள் இராது. அவள் தந்தையும் அப்படித்தான். தாயும் ஊரில் எல்லோரையும்விட ஒரு பிடி கூடுதல். தாய் தந்தைக்கு மாமன் மகள்; வழக்கப்படி முறையில் மணந்தவர்கள். அவர்களுக்கு முதலில் பிறந்த மகன் மட்டும் உயரவே இல்லை. ஊர் பலதும் பேசியது.  தாயோ மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு நடுவே நடந்தாள். அத்தாய் இன்று இல்லை.

அந்த மகன் அமைச்சனானான். தேவரீர் அவன் எழுத்தைக் கண்டிருக்கிறீர், ஆளைக் கண்டதில்லை. இப்போது காண்கிறீர். முக்காலியின் மேல் நின்று இதை வாசித்துக்கொண்டிருப்பவனே ஓலை அமைச்சன் கீரன். தேவரீர் அந்த முதல் வரியில் இன்னும் உறுதியாக நிற்பதானால், எயினியைப் பாறைக்கு ஏற்றுமுன், இவன் முகத்தைப் பார்த்து இவன் தாயைப் பற்றியும் அதே தீர்ப்பைச் சொல்லியருள வேண்டும். அவள் பசுவல்லள்; வேலி தாண்டினாள் என்று சொல்ல வேங்கையருக்கு நா எழுமானால் எழட்டும். எழாதெனில் அந்த வரியை அழித்தருள்க. வரி அழிந்தால் தண்டமும் அழியும்.

தென்மலைப் பசுக்கள் ஈன்று கன்றுகள் எழும்வரை உடன்படிக்கைக்குப் பிணை ஒன்று வேண்டும் என்பதைப் பெருந்தேவியார் மறக்கவில்லை. எயினியின் கயிற்றைத் தேவரீர் திருக்கையால் அறுத்து, அதன் முனையைக் கீரன் கையில் முடிந்தருள்க. அவன் தொழுவத்தில் உண்பான், தொழுவத்தில் உறங்குவான். எயினி செங்காலியை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புவாள். தன் பொருட்டு அண்ணன் இருக்கக் கூடாது என்று அவள் கட்டாயம் சண்டை பிடிப்பாள். அவள் பேச்சைத் தேவரீர் கேட்க வேண்டாம். செங்காலியின் கன்றுக்கு எயினியே ஒரு பேர் வைத்து வளர்க்க வேண்டும் என்பது அரசகட்டளை; பேர் வைக்கப்படாமல் வெண்ணாவல் அரண்மனைத் தொழுவத்திலிருந்து இனி எக்கன்றும் போகாது.

இவ்வாறு வெண்ணாவல் மாநகரத்து நாவல்மர மண்டபத்தில் கொற்றங்கோதைப் பெருந்தேவியார் மொழிந்தருள, ஓலை அமைச்சன் கீரன் தன் கைப்பட எழுதியது. காளைத்தலை இலச்சினை அரசியின் விரலால் ஒற்றப்பட்டது. கேட்டவர் செவி வாழ்க. வாசித்தவன் நா வாழ்க. இரு கரையும் ஒரே மழை பெறுக.

ஓலை முடிந்தது. வாசித்தவன் இதைத் தேவரீர் காலடியில் வைத்துவிட்டு இடக்கையை நீட்டி நிற்பான்.